விளம்பர இடைவேளை

சாத்தூர்
7.11.2024

தம்பி மாரிக்கண்ணனுக்கு, அக்கா பாண்டிச்செல்வி எழுதுவது.

இங்கே நானும் உன் மச்சான் சங்கிலிமுத்துவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். பிள்ளை இசைவாணிக்கு இரைப்பு எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். தீபாவளியன்று நடந்தது மறந்துவிட்டதா? நாடு முழுக்க வெடிக்குத் தடை போட்டால்தான் சரி என்றாய் நீ. வெடி வேலை பார்த்துத்தான் அம்மா உன்னைப் படிக்க வைத்தாள் என்றேன் நான். நீ கட் பண்ணினாய். நான் திரும்பப் போட்டுத் திட்டினேன். மறுபடி கட் பண்ணினாய். கடிதத்தில் அந்தச் சேட்டை நடக்காது. நான் முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது, நீ முடிக்கும் வரை நானும் பேச முடியாது.

டிவி விவாதம் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எட்டுப் பெட்டி, எட்டுத் தலை, எட்டும் ஒரே நேரத்தில் கத்துகிறது. எங்கள் வெடி ஆபீசில் பட்டாசு செய்கிற ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரவிட மாட்டார்கள், ஆபத்து என்று. இவர்களுக்கு லைசென்ஸ் கொடுத்தது யாரோ!

ஒரு சேதி. நேற்று டிவிக்காரர்கள் எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். ஒரு மைக் டெல்லி சேனலுடையது, ஒரு மைக் நம் தமிழ் சேனலுடையது. மற்றவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். என்னைத்தான் பிடித்தார்கள். நல்லதாகத்தான் பேசினேன். இசைவாணி பேரையும் சொன்னேன். உங்கள் ஊரில் வரும், பார்த்துவிட்டு எழுது. உன் வீட்டுக்காரி பானுவையும் பார்க்கச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா.

*

மயூர் விஹார், டெல்லி
16.11.2024

அக்காவுக்கு,

மச்சானும் நீயும் சுகம் என்று அறிந்தேன். இசைவாணியை முதலில் எழுது என்றாய். எழுதுகிறேன். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொண்டு போவதை நீ பார்த்திருக்க மாட்டாய். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி ஹாலில் டிவி ஓடியது. அதில் நீ வந்தாய். உன் பேச்சின் மேலே ஒரு பெண் குரல் இந்தியில் பேசியது. "டெல்லிப் பிள்ளைகள் இருமுகிறார்கள் என்பதற்காக எங்கள் பிள்ளைகள் சாக வேண்டுமா?" கீழே பெரிய எழுத்திலும் அதையே போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் உன்னைத் திட்டினார்கள். அது என் அக்கா என்று நான் சொல்லவில்லை. பானு என்னைப் பார்த்தாள், அவளும் சொல்லவில்லை. வெளியே போய் அழுதாள்.

தடையைப் பற்றி உனக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கலாம். அதற்காக இப்படியா? நீ முடிக்கும் வரை குறுக்கே பேசக் கூடாது என்றாய். நான் பேசவில்லை. எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மாரி.

*

சாத்தூர்
24.11.2024

மாரி,

இங்கே இருவரும் சுகம். பிள்ளை வீட்டுக்கு வந்தாளே, அதுவே எனக்குப் போதும்.

நீ பார்த்தது யார் வாயை? என் வாயையா, அந்த இந்திக்காரி வாயையா? நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கண்ணைத் திறந்து படி.

"எந் தம்பி டெல்லியில இருக்கான். அவன் மக இசைவாணிக்கு இந்த மாசம் வந்தா மூச்சு இரைக்குது. அவ நல்லா இருக்கணும். நாங்க செய்யுற வெடியால அவளுக்கு ஒண்ணு ஆகுதுன்னா எனக்குச் சோறு எறங்காது. ஆனா ஒரே நாள்ல பூட்டுனா எங்க பிள்ளைக பட்டினியில சாகும். தடை வேண்டாம்ங்க. இல்ல, மூடித்தான் ஆகணும்னா மொதல்ல எங்களுக்கு வேற வேலை குடுங்க, அப்பறம் மூடிக்கோங்க."

இம்புட்டும் பேசினேன். அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, அதற்கும் அவர்கள் இஷ்டத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். அவர்கள் செய்தது இருக்கட்டும். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். உன் மகள் சாகட்டும் என்று நான் சொல்லியிருப்பேன் என்று உன்னால் எப்படி நம்ப முடிந்தது? எனக்கு அது ஆறவே இல்லை.

பானுவுக்குத் தமிழ் படிக்க வராது. இதை அவளுக்கு வாசித்துக் காட்டு.

அக்கா.

*

சாத்தூர்
20.12.2024

தம்பிக்கு,

ஒரு மாதம் ஆகப் போகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டுமாவது ஒரு கார்டில் எழுதிப் போடக் கூடாதா?

இருக்கன்குடி மாரியம்மனுக்கு அவளுக்காக மாவிளக்கு எடுத்தேன். நல்ல கூட்டம். தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நான் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆபீசில் எல்லாம் நல்லபடி. மச்சான் வேலை பார்க்கும் திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் சீசன், இருட்டித்தான் வீட்டுக்கு வருகிறார். காலையில் எனக்கு விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால் இத்துடன் முடிக்கிறேன். காகிதத்தில் நெடி அடித்தால் பிள்ளையிடம் கொடுக்காதே, தள்ளி வைத்துப் படி.

அக்கா.

*

டெல்லி
3.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பானுவும் சுகம். இசைவாணி பள்ளிக்கூடம் போகிறாள், இரவில் மட்டும் கொஞ்சம் இருமல்.

உன் கடிதத்தைப் படித்த பிறகும் எனக்குக் கோபம் போகவில்லை. நீ மாற்றிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். போன வாரம் அந்த வீடியோவைத் தேடி எடுத்து, காதில் இயர்போன் மாட்டிக் கேட்டேன். இந்திக் குரலுக்கு அடியில் உன் குரல் மெல்லமாகக் கேட்கிறது. "அவ நல்லா இருக்கணும்" என்கிறாய். அந்த இடத்தில் அவர்கள் இந்தியில் வேறு என்னவோ சொல்கிறார்கள். நடுரோட்டில் நின்று அழுதேன் அக்கா. உன்னை நம்பாமல் போனதற்கு என்னை மன்னித்துவிடு.

அந்த சேனலுக்குப் போன் செய்தேன். அந்த நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று வைத்துவிட்டார்கள். பானுவையும் கேட்க வைத்தேன். அவளுக்கு இசைவாணி என்ற பேர் மட்டும்தான் காதில் விழுந்தது. என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது உங்கள் வெடிச் சண்டையில் அவள் பேரை உன் அக்கா எதற்கு இழுத்தார்கள் என்று கத்தினாள். இயர்போனைக் கழற்றி எறிந்துவிட்டாள். உன் கடிதத்தை வாசிக்கப் போனால், "உன் அக்கா எழுதியதை நீ வாசித்தால் நல்லதாகத்தான் வாசிப்பாய்" என்கிறாள்.

உன் போன கடிதத்தில் மிளகாய் நெடி அடித்தது. வெடி ஆபீசில் வேலை பார்க்கிறவள் காகிதத்தில் மிளகாய் எப்படி வந்தது? காலையிலேயே விருதுநகர் பஸ் எதற்கு?

உன் தம்பி
மாரி.

*

சாத்தூர்
15.1.2025

தம்பிக்கு, பொங்கல் நல்லபடி முடிந்தது. உங்கள் வீட்டிலும் பால் பொங்கியிருக்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மச்சானிடம் நீட்டினேன். அவர் வாசித்து முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டாயே, போதும். பானு கோபப்படுவதும் நியாயம்தான். அவள் பெற்றவள். பேரைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கும் படுகிறது.

மிளகாயா? வருஷத்துக்கு வேண்டிய வத்தல் வாங்கிக் காயப்போட்டிருந்தேன். அதற்குள் துப்பறிய ஆரம்பித்துவிட்டாயே! லிஃப்ட் மெக்கானிக் வேலையை மட்டும் பார். ஆபீஸ் குருவம்மாள் உன்னை விசாரித்தாள் என்று எழுதலாம் என்று பார்த்தேன். பொய்யாக எழுதுவானேன், அவள் விசாரிக்கவில்லை.

அக்கா.

*

திருத்தங்கல்
24.1.2025

மாப்பிள்ளை மாரிக்கண்ணனுக்கு சங்கிலிமுத்து எழுதுவது. அங்கே குழந்தையும் தங்கச்சியும் சுகம்தானே.

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. உன் அக்காவுக்குத் தெரியாமல் அச்சகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. அவள் சொல்ல மாட்டாள்.

டெல்லி டிவி அவள் பேச்சின் நடுத்துண்டை எடுத்தது. நம் தமிழ் டிவி வால்துண்டை எடுத்தது. "வேற வேலை குடுங்க, அப்பறம் மூடிக்கோங்க." இவ்வளவுதான் காட்டினார்கள். "பட்டாசு ஆலைகளை மூடச் சொல்லும் பெண் தொழிலாளி" என்று எழுத்து வேறு. மறுநாள் போர்மேன் செந்தூர்பாண்டி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டான். "ஏத்தா, மூடச் சொன்ன எடத்துல ஒனக்கு என்ன சோலி?" என்று கேட்டானாம். தெருக்குழாய்க்கு இவள் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார்கள். ஒரே ரூமில் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து திரி வெட்டிய குருவம்மாள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்போது விருதுநகர் குடோனில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போகிறாள். ராத்திரி கை எரிச்சலில் தூங்குவதில்லை.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. அதே தமிழ் டிவி பிப்ரவரி ஒன்பதாம் தேதி சாத்தூர் கல்யாண மண்டபத்தில் மக்கள் விவாதம் நடத்துகிறது. நேரலை. ஆபீசிலிருந்து ஆள் விட்டார்கள். அவள் எழுந்து, "தடை வேண்டாம், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டால் மறுநாளே வேலைக்கு வரலாமாம். இவள் இன்னும் பிடி கொடுக்கவில்லை. நீ ஒரு வார்த்தை எழுது மாப்பிள்ளை. சொல்லிவிட்டு வரட்டும். ஊரில் தலை நிமிர்ந்து நடக்கட்டும்.

சங்கிலிமுத்து.

*

டெல்லி
31.1.2025

அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். மச்சான் எழுதிவிட்டார். அவரிடம் சண்டை போடாதே.

எனக்காகவும் என் பிள்ளைக்காகவும் பேசப் போய் உன் வேலை போயிருக்கிறது. நீ மிளகாய்க் குடோனில் எரியும் கையோடு இருந்த மாதத்தில் நான் உன்னோடு பேசாமல் இருந்திருக்கிறேன். இதை நினைத்தால் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடு அக்கா. தடை வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறவன் நான். நானே சொல்கிறேன், சொல்லிவிட்டு உன் ரூமில் போய் உட்கார். அது உன் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். பானுவிடமும் சொல்லிவிட்டேன். "சொல்லட்டும், நானும் பார்க்கிறேன்" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை.

மாரி.

*

சாத்தூர்
11.2.2025

அன்புத் தம்பி மாரிக்கு,

நாங்கள் இருவரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். மச்சானோடு சண்டை போட்டேன். பிறகு சரியாகிவிட்டது.

மண்டபத்துக்குப் போனேன். வாசலிலேயே அட்டை கொடுத்தார்கள். தடை வேண்டும் என்பவர்களுக்குப் பச்சை, வேண்டாம் என்பவர்களுக்குச் சிவப்பு. அந்தப் பக்கம் பச்சைக்கு நாற்காலிகள், இந்தப் பக்கம் சிவப்புக்கு. எனக்கு ரெண்டும் வேணும் என்றேன். அந்தப் பிள்ளை, "அக்கா, ரெண்டும் தூக்குனா கேமராவுக்குக் குழம்பும்" என்றது. சிவப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் செந்தூர்பாண்டி. ரெண்டு நாற்காலி தள்ளிக் குருவம்மாள், என்னைப் பார்க்காமல்.

உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் சொன்னதைச் சொல்லத்தான் போனேன். மச்சானுக்காக, இந்தக் கைக்காக. மச்சான் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மைக் வந்தது. "தடை வேண்டாம்" என்றேன். அது என் மனசில் இருப்பதுதான், சுலபமாக வந்துவிட்டது. சிவப்பு வரிசை முழுக்கக் கை தட்டியது. அடுத்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வேண்டும். அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. எத்தனை பேரைக் கரிக்கட்டையாக எடுத்துப் போயிருக்கிறோம், நம் அம்மா கடைசியில் எப்படி இருமினாள். எப்படியடா சொல்வது?

"கை தட்டாதீக, நான் இன்னும் முடிக்கலை" என்றேன். நிகழ்ச்சி நடத்துகிற மணிகண்டராஜுக்கு முகம் மாறிவிட்டது. "ஒரு சின்ன விளம்பர இடைவேளை" என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டான். பெரிய லைட்டெல்லாம் அணைந்தது. அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

நான் உட்காரவில்லை. மைக் இல்லாமலே முழுதும் சொன்னேன். அன்று வாசலில் சொன்னதை, முதலிலிருந்து, பிள்ளையின் பேரை மட்டும் விட்டுவிட்டு. யாரும் கை தட்டவில்லை. யாரும் கத்தவும் இல்லை. அப்போது குருவம்மாள் எழுந்தாள். "எம் மகனுக்கும் இரைக்குதுங்க. வேலை போயிரும்னு யார்ட்டயும் சொல்லல" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

பச்சை வரிசையிலிருந்து விருதுநகர் குழந்தை டாக்டரம்மா ஒருத்தி எழுந்து வந்து எங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எத்தனை நாளா இரைக்குது?" என்று கேட்டாள். பிறகு தடை ஏன் வேண்டும் என்று அவள் பக்கத்தைச் சொன்னாள். நாங்கள் விடவில்லை. நாளைக்குச் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டோம். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். முதலாளி பக்கத்து ஆள் ஒருவர், ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது, எங்களுக்கும் வழி தெரியவில்லை என்றார். ஒருவர் பேச மற்றவர் கேட்டார்கள். அந்த மண்டபத்தில் விவாதம் நடந்தது விளம்பரம் ஓடிய நேரத்தில்தான்.

பிறகு லைட் எரிந்தது. "அவங்கவங்க இடத்துக்குப் போங்க" என்றான் மணிகண்டராஜ். டாக்டரம்மா எழுந்து போனாள். சொல்லி வைத்த மாதிரி எல்லோரும் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள். என்னிடம் மைக் வரவில்லை. வெளியே வரும்போது செந்தூர்பாண்டி, "நல்லாப் பேசுன. இனி ஆபீஸ் பக்கம் வராத" என்றான். வேலை போனது போனதுதான். மச்சான் சைக்கிளில் ஏறச் சொன்னார். அன்று குழாயடியில் குருவம்மாள் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

டிவியில் பார்த்திருந்தால், "தடை வேண்டாம்" என்று மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். பானுவும் அதைத்தான் பார்த்திருப்பாள். என்ன செய்ய? என்னால் முடிந்தது அந்த மண்டபத்துக்குள் சொன்னதுதான்.

அக்கா.

*

டெல்லி
20.2.2025

மதினிக்கு பானுப்பிரியா. நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். பேசுவதைப் பேசுகிற மாதிரியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நல்லா இருக்கீங்களா மதினி? கை எரிச்சல் எப்படி இருக்கு? ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் படுங்க. இசைவாணி நல்லா இருக்கா.

நான் உங்களை டிவியில பார்க்கலை. போன்ல பார்த்தேன். அந்த சேனல் போன்லயும் நேரலை விட்டாங்க. டிவியில விளம்பரம் ஓடுனப்ப போன்ல அதை நிறுத்த மறந்துட்டாங்க. மண்டபத்துல நடந்தது எல்லாம் வந்துச்சு. படம் சாய்வா, யாரோ முதுகு பாதி மறைச்சிட்டு. ஆனா குரல் கேட்டுச்சு. எனக்குத் தமிழ் படிக்கத்தான் வராது, கேட்க வரும். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். இவர் கூடத்துல நின்னு "என்ன சொல்றா, என்ன சொல்றா"ன்னு உயிரை வாங்குனார். சும்மா இருன்னு சொன்னேன். (இதையும் எழுதச் சொல்கிறாள்.) மறுநாள் அந்தத் துண்டை எடுத்துட்டாங்க. தேடுனேன், இல்லை.

பிள்ளை பேரை நீங்க விட்டதைக் கவனிச்சேன். அந்த டாக்டரம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்களே, அப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. நான் உங்களை நம்பலை மதினி. மூணு மாசம் உங்களை மனசுக்குள்ள திட்டிட்டே இருந்தேன். எனக்கு வெட்கமா இருக்கு.

ஆனா ஒண்ணு. தடை வேணும்னுதான் இப்பவும் சொல்வேன். எம் பிள்ளை மூச்சு திணறுறதைப் பார்த்தவ நான். மண்டபத்துக்கு வந்தா பச்சை அட்டைதான் வாங்குவேன். உங்களுக்கு வேலை போனதுக்கு என்ன வழின்னு கேட்டா எனக்கும் பதில் தெரியாது. கோடை லீவுல இங்க வந்து எங்களோட இருங்க, அது மட்டும் தெரியும். இவர் அழைப்பார்னு பார்த்துட்டு இருந்தேன். இவருக்கு அழத்தான் தெரியும். (இதையும்.)

இனி லெட்டர் வேண்டாம். ஒரு கேள்விக்குப் பதில் வர ரெண்டு வாரம் ஆகுது, எனக்குப் பொறுமை இல்லை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுங்க. இசைவாணி எடுப்பா, அவ அத்தைட்ட பேசணும்னு நிக்கிறா. அப்புறம் நான் வாங்கிப்பேன். இந்தத் தடை விஷயத்துல நமக்குள்ள சண்டை பாக்கி இருக்கு, நல்லா போடலாம். நீங்க முடிக்கிற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.

பானு.

அக்கா, அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை. என்னைத் திட்டிய இரண்டு இடங்களை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாரி.